சுற்றிலும் ஆட்கள் இருந்தும் ஆதரவு இல்லை என்று தோன்றுவது ஏன்?

கேள்வி: 3 மார்ச், மாலை 6.10

எனக்கு 22 வயது. வீட்டை விட்டு வந்து 14 மாதங்கள் ஆகின்றன. அறையில் என்னோடு இருவர் இருக்கிறார்கள், இருவரும் நல்லவர்கள். வீட்டோடு நாள்தோறும் பேசுகிறேன். இருந்தும் எனக்கென்று ஒருவரும் இல்லை என்ற எண்ணம் விடாமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வயிற்றில் கல்லை வைத்தது போல ஆகிவிடுகிறது. யாராவது "என்ன ஆயிற்று?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறேன். மறைப்பதற்காகச் சொல்லவில்லை, எனக்கே தெரியவில்லை. உடனிருப்பவர்களுக்கு அக்கறை போதவில்லை என்பது என் முடிவு. தவறென்றால் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு 10.45

அவசரமாக எடுத்த முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியவை "எனக்கே தெரியவில்லை" என்ற இரண்டு சொற்கள்தாம். வயிற்றில் கல் இருப்பது தெரிகிறது, அது என்ன கல் என்பது தெரியவில்லை. இந்த நிலைக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர், உடல் நோவுகளைச் சொல்லிக்கொண்டு வந்து, உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் விடை தெரியாமல் திணறிய நோயாளிகளைப் பார்த்து "அலெக்சிதைமியா" என்ற சொல்லை உருவாக்கினார். உணர்வுக்குச் சொல் இல்லாமை என்பது அதன் கிரேக்கப் பொருள். நோய் என்று பதற வேண்டாம். உயரத்தைப் போல ஒருவரிடம் கூடியும் ஒருவரிடம் குறைந்தும் காணப்படும் ஒரு தன்மை அது.

இதை அளப்பதற்கு டொரோண்டோ அளவுகோல் என்று 20 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்று இருக்கிறது. உணர்வை அடையாளம் காண்பதில் உள்ள தடுமாற்றம், கண்டதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதில் உள்ள தடுமாற்றம், உள்ளே பார்க்காமல் வெளி நிகழ்வுகளிலேயே கவனம் நின்றுவிடும் பழக்கம் ஆகிய மூன்றையும் அது தனித்தனியே பார்க்கிறது. மதிப்பெண் 61-உம் அதற்கு மேலும் வந்தால் உண்டு என்றும், 51-உம் அதற்குக் கீழும் வந்தால் இல்லை என்றும் கொள்வார்கள். நான் ஒருமுறை நிரப்பிப் பார்த்தபோது 58 வந்தது, இரண்டுங்கெட்டான் நிலை. அந்த எண்ணைப் பார்த்ததும் எப்படி இருந்தது என்று நண்பன் கேட்டான். "ஒன்றுமில்லை" என்றேன்.

ஆகவே என் விடை இதுதான். ஆதரவு கேட்டால்தான் வரும். கேட்க வேண்டுமானால் எது வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். குறை உங்கள் அறைத் தோழர்களிடம் இல்லை.

4 மார்ச், காலை 7.20

நேற்று எழுதாமல் விட்டது: அந்த மதிப்பெண்ணை வைத்து யாரும் தமக்குத் தாமே நோய்ச்சான்று வழங்கிக்கொள்ள வேண்டாம். வயிற்றில் கல் என்பது சில வேளைகளில் வயிற்றுக் கோளாறாகவே இருக்கலாம் என்பதால் ஒரு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். உணர்வைப் பற்றி நிறையப் படித்தவர்கள் வழுக்கி விழும் இடம் இது. எனக்கு ஒரு பல்வலி மூன்று வாரம் மனக்கவலையாகத் தோற்றமளித்தது.

6 மார்ச், இரவு 11.30

கேள்வியை மீண்டும் படித்தேன். 14 மாதங்கள் என்ற எண் எனக்கு வேறொன்றை நினைவூட்டியது.

வீட்டில் இருக்கும்வரை நம் உணர்வை நமக்கு முன்பாகவே வேறொருவர் படித்துவிடுகிறார். செருப்பைக் கழற்றும் வேகத்தை வைத்தே அம்மா "யாரோடு சண்டை?" என்று கேட்பார். சண்டை போட்டோம் என்பதும், அதனால் கோபமாக இருக்கிறோம் என்பதும், கோபத்துக்கு அடியில் அவமானம் இருக்கிறது என்பதும் அவர் கேட்ட பிறகுதான் நமக்கே தெரியவரும். இப்படி 18, 20 ஆண்டுகள் பிறர் படித்துச் சொல்லக் கேட்டே வளர்ந்துவிட்டு, ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறோம். நமக்கு அந்த எழுத்தறிவு இல்லை என்பது அதன்பிறகுதான் தெரிகிறது. அதுவும் உடனே தெரிவதில்லை. முதல் சில மாதங்கள் புது இடத்தின் பரபரப்பில் கழிந்துவிடும்.

எனக்கு அது தெரிந்தது முதல் வேலையின் மூன்றாவது மாதத்தில். மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் என் வேலையைக் குறை சொன்னார். அன்று இரவு வீட்டுக்குப் பேசியபோது, என் பழைய புத்தகங்களைத் தங்கை இடம் மாற்றி வைத்துவிட்டாள் என்பதற்காக அவளோடு அரைமணி நேரம் சண்டை போட்டேன். பிறகு அப்பாவிடம், "ஒரு மாதிரி இருக்கிறது" என்றேன். மறுநாள் காலை என் கணக்கில் பணம் வந்திருந்தது.

அவரைப் பிழை சொல்ல முடியாது. சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981-இல் ஆதரவை நான்காகப் பிரித்தார்: கேட்டுக்கொண்டு உடனிருப்பது, கைப்பொருளாகவோ வேலையாகவோ உதவுவது, தகவலும் வழியும் சொல்வது, நாம் செய்தது சரியா தவறா என்று நாமே எடைபோட உதவுவது. அன்று எனக்குத் தேவைப்பட்டது நான்காவது. என் வேலை உண்மையிலேயே அவ்வளவு மோசமா என்பதை அறிந்த ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. நான் கொடுத்த துப்பு "ஒரு மாதிரி". அந்தத் துப்பை வைத்துக்கொண்டு, கையெட்டாத தொலைவில் இருக்கும் ஒரு தகப்பன் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். நானோ, என்னை யாருக்கும் புரியவில்லை என்று அந்த மாதம் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பணத்தைத் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்துவிடுகிறேன்.

7 மார்ச், பிற்பகல் 1.15

உணர்வுக்குச் சொல் இல்லை என்று நாம் புலம்புவது கொஞ்சம் வேடிக்கைதான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று உணர்வின் வெளிப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வேறு கணக்குச் சொல்கிறது. அழுகைக்கு உரிய நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவற்றுள் அசைவு என்பதற்கு, பழைய நிலை கெட்டு வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துவது என்று உரை சொல்கிறார்கள். யாரும் இறக்கவில்லை, எதுவும் பறிபோகவில்லை, யாரும் இகழவில்லை. இருந்த நிலை மாறிவிட்டது, அவ்வளவுதான். அதுவும் அழுவதற்கு உரிய காரணம் என்று தனியாகக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

வீட்டைப் பிரிந்தவர்களின் ஏக்கத்துக்கு 1688-இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீடு திரும்புதலையும் வலியையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை ஒட்டி "நாஸ்டால்ஜியா" என்று பெயர் வைத்தார். அவர் அதை நோயாகவே கருதினார். எனக்கு அசைவு என்ற சொல்லே பிடித்திருக்கிறது. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. விடுமுறைக்குப் போய், தான் படுத்த அறை வேறொன்றாக மாறியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கேள்வி கேட்டவரே, உங்கள் கல்லின் பெயர் அசைவாக இருக்கலாம். ஞாயிறு மாலை என்பதும் அதற்குப் பொருந்துகிறது.

9 மார்ச், இரவு 9.50

பெண் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். அவர் எழுதியதன் சாரம்: "என் உணர்வுகளை எனக்கு நன்றாகத் தெரியும். தனிமையாக இருக்கிறது, பயமாக இருக்கிறது, பொறாமையாக இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லத் தெரியும். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. நீங்கள் குறையைத் தனித்திருப்பவர் தலையிலேயே கட்டுகிறீர்கள்."

அவர் சொல்வது சரி. 3-ஆம் தேதி நான் எழுதிய கடைசிப் பத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். "கேட்டால்தான் வரும்" என்பது, கேட்பதற்கு ஆள் இருப்பவர்கள் சொல்லும் பேச்சு. அதோடு, 6-ஆம் தேதி நானே எழுதியதற்கும் அது முரண்படுகிறது. உணர்வைப் படிக்கும் பழக்கம் இன்னொருவர் உடனிருந்து சொல்லிக் கொடுத்து வந்தது என்றால், ஆளே இல்லாத இடத்தில் அந்தப் பழக்கத்தை முதலில் வளர்த்துக்கொண்டு வா, ஆதரவு பிறகு கிடைக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு திருத்தமும் வேண்டும். ஆதரவு இருப்பதும், இருப்பதாக உணர்வதும் வெவ்வேறு. கிரெகரி ஜிமெட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1988-இல் வெளியிட்ட ஆதரவு அளவுகோலில் 12 கூற்றுகள் இருக்கின்றன. குடும்பம், நண்பர்கள், தனக்கென்று நெருங்கிய ஒருவர் ஆகிய மூன்று பக்கங்களையும் அவை தொடுகின்றன. யார் என்ன செய்தார்கள் என்று அதில் எண்ணிக்கை எடுப்பதில்லை, நமக்கு ஆள் இருப்பதாக நாம் நம்புகிறோமா என்பதே கேள்வி. ஷெல்டன் கோஹனும் தாமஸ் வில்ஸும் 1985-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இதையொட்டியது: நெருக்கடி வரும்போது நமக்கு ஆள் உண்டு என்ற நம்பிக்கை அடியின் வேகத்தைத் தணிக்கிறது; ஒரு வட்டத்தில் கலந்து வாழ்வது என்பது நெருக்கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நன்மை செய்கிறது. முதலாவதற்கு ஒருவர் கூடப் போதலாம், இரண்டாவதற்கு நாலு பேர் வேண்டும்.

நம்பிக்கை இப்படி முக்கியம் என்றால், நமக்குத் தெரியாமல் வரும் உதவி வீண்தானா? இல்லை என்பதற்கு விநோதமான சான்று இருக்கிறது. நையல் போல்ஜரும் உடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் நாள்தோறும் குறிப்பெழுதச் சொன்னார்கள். உதவி செய்ததாகத் துணைவர் எழுதி, உதவி கிடைத்ததாகத் தேர்வர் எழுதாத நாட்களில்தான் தேர்வரின் மனநிலை மேம்பட்டிருந்தது. உதவி பெறுகிறோம் என்று தெரிந்தால், நம்மால் தனியே சமாளிக்க முடியவில்லை என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது.

விடுதியில் இருந்த காலத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. என் அறைத் தோழன் ஒருநாளும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டதில்லை. கண் விழித்தால் தலைமாட்டில் தண்ணீர் நிரம்பியிருக்கும், மாத்திரை எடுத்து வைத்திருக்கும், விளக்கின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருக்கும். அந்த ஆண்டு முழுவதும் எனக்கு யாரும் இல்லை என்றுதான் நான் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். துண்டு என் கணக்கில் வரவே இல்லை.

10 மார்ச், காலை 8.05

மேற்படி அறைத் தோழனுக்கு நேற்றைய குறிப்பை அனுப்பினேன். விளக்கின் மேல் துண்டு போட்டது எனக்காக அல்லவாம். அவன் கண்ணுக்கு வெளிச்சம் கூசியதாம். மாத்திரை எடுத்து வைத்ததற்குக் காரணம், என் இருமலில் அவனால் தூங்க முடியாமல் போனது. தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை.

13 மார்ச், இரவு 10.20

மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று இங்கே இருவர் எழுதியிருப்பதால், என் இரண்டாம் ஆண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு எனக்கு ஆள் கிடைத்தது. என்னைப் போலவே வீட்டை விட்டு வந்து, என்னைப் போலவே வேலையில் நொந்து, இரவில் என்னைப் போலவே தூக்கம் வராமல் புரண்டவன். இரவு தோறும் இரண்டு மணி நேரம் பேசுவோம். மேலதிகாரி அந்தச் சொல்லை எந்தக் குரலில் சொன்னார், அதற்கு என்ன அர்த்தம், நாளை என்ன செய்யக்கூடும் என்று ஒரே நிகழ்ச்சியைத் திருப்பித் திருப்பி அரைப்போம். எங்கள் நட்பு இறுகியது, எங்கள் நிலைமையோ மோசமானது. பேசி முடித்தபின் இருவருக்கும் முன்னைவிடக் கனமாக இருந்தது. இருந்தும் மறுநாள் அதே நேரத்துக்குக் காத்திருந்தோம். அமண்டா ரோஸ் 2002-இல் சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் ஆராய்ந்து "கூட்டு அசைபோடல்" என்ற பொருளில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். அப்படிப் பேசுபவர்களிடம் நட்பின் நெருக்கமும் மனச்சோர்வின் அறிகுறிகளும் ஒருசேரக் கூடியிருந்ததை அவர் கண்டார். நன்மையும் தீமையும் ஒரே கிண்ணத்தில் வருவதால்தான் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

எங்கள் இருவருக்கும் உணர்வைப் பற்றிய பேச்சு இருந்தது, உணர்வைப் பற்றிய அறிவு இல்லை. இரண்டு மணி நேரப் பேச்சில் "எனக்கு அவமானமாக இருக்கிறது" என்று ஒரு வாக்கியத்தை இருவரில் ஒருவரும் சொன்னதாக நினைவில்லை. மேலதிகாரியைப் பற்றி நிறையச் சொன்னோம்.

14 மார்ச், காலை 6.40

"அப்படியானால் பேசவே கூடாதா?" என்று கேட்டவருக்கு: சுருக்கமாகப் பெயரிடலாம். மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட மூளைப் படப் பதிவு ஆய்வில், முகங்களில் தெரிந்த உணர்வுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது பங்கேற்றவர்களின் மூளையில் அச்சம் போன்ற உணர்வுகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது. எழுதவும் செய்யலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாட்கள் எழுதினார்கள். தங்களைப் பாதித்த நிகழ்ச்சியையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் உடல்நல மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதிய நாட்களில் அவர்களுக்கு மனம் கனத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான்கு நாட்கள், பதினைந்து நிமிடம். ஓர் ஆண்டு, இரவுக்கு இரண்டு மணி நேரம் அல்ல.

19 மார்ச், இரவு 11.10

9-ஆம் தேதி எழுதிய பெண்ணின் கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. ஆளுக்கு எங்கே போவது?

எது இல்லை என்பதை முதலில் பிரித்துப் பார்ப்பது உதவும். ராபர்ட் வைஸ் 1973-இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். மனத்துக்கு மிக நெருங்கிய ஒருவர் இல்லாததால் வருவது ஒன்று. தான் சேர்ந்த வட்டம் என்று ஒன்று இல்லாததால் வருவது மற்றொன்று. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரப்ப முடியாது என்பதுதான் அவர் சொன்னதில் எனக்குக் கசப்பான பகுதி. புது இடத்தில் எனக்கு இல்லாமல் போனது வட்டம். நான் தேடி அலைந்ததோ, எல்லாவற்றையும் ஒப்படைக்கக்கூடிய அந்த ஒருவரை. சந்தித்த ஒவ்வொருவரிடமும் மூன்றாம் நாளே உள்ளத்தைத் திறந்து காட்டி இரண்டு பேரைத் துரத்தியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் இன்றும் என்னைக் கண்டால் அவசர வேலை இருப்பதாகச் சொல்கிறார்.

அண்மையில் இடம் மாறி வந்தவர்களிடமும் முதலாண்டு மாணவர்களிடமும் ஜெஃப்ரி ஹால் எடுத்து 2018-இல் வெளியிட்ட கணக்கு எனக்கு அந்தக் காலத்தில் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறுவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நண்பராவதற்கு 90, நெருங்கிய நண்பராவதற்கு 200-க்கும் மேல். வேலையிடத்தில் ஒன்றாக இருந்த நேரம் அந்தக் கணக்கில் அவ்வளவாக ஏறுவதில்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 200 மணி நேரத்துக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். எனவே 14 மாதத்தில் நெருங்கிய நண்பர் இல்லை என்பது யாருடைய குணக்கேடும் அல்ல; பெரும்பாலும் கணக்குதான். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே ஆட்கள் கூடும் ஏதாவது ஒன்றில் போய் உட்காருவது, அது எதுவாக இருந்தாலும், மனம் திறந்த பேச்சைவிட முதலாண்டில் பயன்படும் என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு அது சனிக்கிழமை காலைப் பூப்பந்தாட்டமாக அமைந்தது. எட்டு மாதம் ஆடியும் அதில் ஒருவரின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. ஒரு வாரம் போகவில்லையென்றால் மட்டும் அவர் குறுஞ்செய்தி அனுப்புவார்.

20 மார்ச், காலை 7.00

இதைத் தனியாகவே எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தவையும் பிடிக்காமல் போனாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறையேனும் வந்தாலோ, பூப்பந்தும் குறிப்பேடும் அதற்குப் போதா. அன்றே உடனிருக்கும் யாரிடமாவது சொல்லிவிட்டு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். சொல்வதற்குச் சரியான சொல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். "ஒரு மாதிரி இருக்கிறது" என்பதே அங்கே போதும், பெயரிட உதவுவது அவர்கள் வேலை.

23 மார்ச், இரவு 10.00

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான்கு நாள் எழுதிப் பார்த்தாராம். ஞாயிறு மாலைதான் அவர் வீட்டில் எல்லோரும் ஒன்றுகூடி வீடியோ அழைப்பில் வருகிறார்கள். மற்ற நாட்களில் அம்மா மட்டும் பேசுவார். ஞாயிறன்று எல்லோர் முன்னாலும் சிரித்த முகத்தோடு, புது ஊர் பிடித்திருக்கிறது, வேலை பிடித்திருக்கிறது, நண்பர்கள் நிறைய என்று ஒரு மணி நேரம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. கல் வந்து உட்காருவது அழைப்பு முடிந்த பிறகு. அவர் கண்டெடுத்த சொல் "நடித்த களைப்பு". அதற்குள்ளே, பொய் சொன்ன உறுத்தலும் கொஞ்சம் இருப்பதாக எழுதியிருக்கிறார்.

நான் அசைவு என்றேன், தவறு. நான் பெருமையோடு எடுத்து வைத்த எட்டிலும் அவருடைய சொல் இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். அவர் வீட்டிலிருந்து ஆதரவு வருகிறது, அறைத் தோழர்களிடமிருந்துதான் வரவில்லை என்றே நாம் எல்லோரும் 20 நாட்களாக எடுத்துக்கொண்டிருந்தோம். அழைப்பு முடிந்து அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, அறையில் இருக்கும் இருவரில் ஒருவர் வழக்கமாகப் பாட்டை நிறுத்திவிடுவாராம். அதை இப்போதுதான் கவனித்தேன் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

2 ஏப்ரல், இரவு 9.30

இத்தனை உபதேசம் செய்துவிட்டு நானும் ஒன்று செய்து பார்க்க வேண்டுமே என்று, நேற்று அம்மாவோடு பேசும்போது வழக்கமான "நன்றாக இருக்கிறேன்" என்பதை விட்டுவிட்டு, "உடன் வேலை செய்பவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது, இரண்டு நாளாகப் பொறாமையாக இருக்கிறது" என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. மறுமுனையில் நீண்ட அமைதி. வருத்தப்படுகிறாரோ, அறிவுரை வருமோ, மறுநாள் காலை கணக்கில் பணம் வந்து விழுமோ என்று பலவாறாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு உன் சித்தி மேல் இருபது வருஷமாக இருக்கிறது" என்றார்.

அதன்பின் முக்கால் மணி நேரம் பேசினோம். விவரங்களை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.